ஒரே தலைப்பில் இரு கட்டுரைகள்

1935ஆம் ஆண்டில் ‘பிசிகல் ரிவியூ’ என்னும் அமெரிக்க ஆய்விதழ் ஒரே தலைப்பில் இரு கட்டுரைகளை வெளியிட்டது. இயற்பியல் மெய்ம்மைக்குக் குவாண்டம் இயக்கவியல் தரும் விளக்கம் முழுமையானதாகுமா என்பதே அத்தலைப்பு. மே மாதக் கட்டுரை ஐன்ஸ்டைன், பொடோல்ஸ்கி, ரோசன் ஆகிய மூவருடையது. அக்டோபரில் வந்த மறுப்பு நீல்ஸ் போருடையது. மூவர் வினவினர், போர் வென்றார் என்று கதையை முடித்துவிடுவார் பலர். இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்போர்க்கு அத்தீர்ப்பு அத்துணை எளிதாகத் தோன்றாது.

மூவரின் வாதம் வருமாறு: ஒருகால் தம்முள் இணைந்திருந்து பின் பிரிந்து சென்ற இரு துகள்களுள் ஒன்றன் இடத்தை அளந்தால், மற்றதன் இடம் அளவாமலே தெரிந்துவிடும், உந்தத்தை அளந்தாலும் அவ்வாறே. தொலைவிலுள்ள துகளை எவரும் தொடவில்லை. ஆதலின் இடம், உந்தம் இரண்டும் அதனிடம் முன்னரே அமைந்திருத்தல் வேண்டும். குவாண்டம் கொள்கையோ இரண்டையும் ஒருங்கே துல்லியமாகக் கூற இடந்தராது; எனவே அது குறையுடையது. இத்தகைய துகள்களின் உறவுக்குப் ‘பின்னல்’ எனப் பொருள்படும் பெயரை அவ்வாண்டிலேயே சூட்டியவர் சுரோடிங்கர்.

கட்டுரையை எழுத்தில் வடித்தவர் பொடோல்ஸ்கி. ஐன்ஸ்டைனுக்கு அதில் நிறைவில்லை. முதன்மைக் கருத்து புலமையுள் புதையுண்டது எனச் சுரோடிங்கருக்கு எழுதிய மடலில் குறைபட்டுக்கொண்டார். நன்னூல் காட்டும் பத்துக் குற்றங்களுள் ‘மற்றொன்று விரித்தல்’ இங்குச் சிறிது பொருந்தும். ஆயினும் வாதத்தின் படிகளை விரல்விட்டு எண்ணலாம். எப்படி சரிந்தது என்று தேடவும் இயலும்.

போரின் மறுமொழி அத்தகையதன்று. தொலைவிலுள்ள துகளுக்கு விசைவழி இடையூறு ஏதும் நேரவில்லை என்று அவரே ஒப்புகிறார். ஆனால் அத்துகளைப் பற்றி எவ்வகை முன்கூற்று இயலும் என்பதை வரையறுக்கும் நிலைமைகள் மாறிவிடுகின்றன என்கிறார். மாறுவது துகளா, துகளைப் பற்றிய பேச்சா? மறுமொழியின் உயிர்நிலையான அவ்விடத்திலேயே விளக்கு மங்குகிறது. ‘மயங்க வைத்தல்’ என்னும் குற்றத்திற்கு வேறு சான்று தேட வேண்டுவதில்லை. 1983இல் வெளியான புகழ்பெற்ற ஒரு தொகுப்பில் இம்மறுமொழியின் பக்கங்கள் இடம் மாறி அச்சேறின; அதனால் மயக்கம் பெரிதும் கூடிற்று எனச் சொல்வதற்கில்லை! அப்பகுதியின் பொருள் தமக்கு விளங்கவில்லை என்று ஜான் பெல்லும் 1981இல் வெளிப்படையாக எழுதினார்.

அந்தப் பெல்லே 1964இல் இவ்வழக்கை ஆய்வுக்கூடத்திற்குக் கொணர்ந்தவர். துகள்கள் தம் பண்புகளை முன்னரே தாங்கி, ஒன்றையொன்று தொலைவிலிருந்து பாதியாமல் செல்லுமாயின், இருபுறத்து அளவைகளின் ஒத்திசைவுக்கு ஒரு வரம்பு உண்டு என நிறுவினார். 1969இல் வகுக்கப்பட்ட வடிவில் அவ்வரம்பு 2. குவாண்டம் கொள்கை ஏறத்தாழ 2.83 வரை இடந்தரும். 1982இல் பாரிசை அடுத்த ஓர்சேயில் அலென் அசுப்பே குழுவினர் கண்டது ஏறத்தாழ 2.70. அசுப்பே, கிளவுசர், சைலிங்கர் மூவரும் 2022இல் நோபல் பரிசு பெற்றனர்.

ஐன்ஸ்டைன் எதிர்பார்த்த முடிவு வீழ்ந்தது உண்மை. அதனால் போரின் விளக்கம் மெய்ப்பிக்கப்பட்டது என்பது பொருந்தாது. தொலைவுப் பாதிப்பை ஏற்கும் போமின் 1952ஆம் ஆண்டுக் கொள்கையும், பல உலகங்கள் உண்டெனும் எவரெட்டின் 1957ஆம் ஆண்டு விளக்கமும் அதே அளவைகளுக்கு இசைகின்றன. அவற்றுக்கிடையேயான வழக்கு இன்னும் தீரவில்லை. பெல் தம் 1964ஆம் ஆண்டுக் கட்டுரைக்குத் தலைப்பிட்டபோது அதில் பொறித்தது தோற்றவர் எனப்படும் அம்மூவரின் பெயர்களையே.