அரைமண்டியும் பாலேயும்

திருச்சுழிக்கு வடக்கே இருக்கும் மதுரையில் 1904இல் பிறந்தவர் ருக்மிணி தேவி அருண்டேல். பரதநாட்டியத்தைப் பெருமேடைக்குக் கொண்டுவந்தவர் என்று உலகம் அறிந்த அவர், முதலில் முறையாகப் பயின்றது மேற்கத்திய நடனமான பாலே!

ரஷ்ய நடனமணி அன்னா பாவ்லோவாவின் ஆட்டம் அவரை ஈர்த்தது. பாவ்லோவா குழுவின் கிளியோ நோர்டியிடம் பயிற்சி நடந்தது. உன் நாட்டு நடனத்தையும் தேடிப் பார் என்று பாவ்லோவா சொன்னார். மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பரதநாட்டியத்தின் முந்தைய வடிவமான சதிர் கற்று, 1935இல் அடையாறில் மேடையேறினார் ருக்மிணி. மறு ஆண்டே அவருடைய நடனப் பள்ளியான கலாக்ஷேத்ரா பிறந்தது.

இரு கலைகளுக்கும் அடித்தளம் ஒன்றுதான்: தொடையை இடுப்பிலிருந்தே வெளிப்புறமாகத் திருப்புவது. பிரான்சில் 14ஆம் லூயி மன்னர் 1661இல் நடனக் கழகம் அமைத்தார்; பாலேயில் பாதங்களின் ஐந்து நிலைகள் அந்நூற்றாண்டில் வகுக்கப்பட்டவை. 1832இல் மரி தல்யோனி விரல்நுனியில் நின்று ஆடிய பிறகு, பாலே வானத்தை நோக்கியே எழும்பியது.

நம் பரதத்தின் அரைமண்டி என்ற பாதி அமர்ந்த நிலையோ மண்ணை நம்புகிறது. முழங்கால் பக்கவாட்டில் விரிய, முதுகு நிமிர, பாதம் தரையை முழுதாகத் தட்டுகிறது. தாவலின் அழகு ஒன்று, தாளத்தின் அழகு ஒன்று. எது உயர்ந்தது என்ற கேள்விக்கே இடமில்லை.

திருச்சுழியிலோ அருப்புக்கோட்டையிலோ அடுத்த பள்ளி ஆண்டு விழாவில் ஒரு சிறுமி பரதம் ஆடினால், முகத்தோடு அவள் முழங்கால்களையும் கவனியுங்கள். உழைப்பெல்லாம் அங்கேதான் இருக்கிறது.