நாடிழந்த மன்னரின் உலகப் பாட்டு

சங்கரன்கோவில் வட்டாரத்தில் வாழும் நமக்குக் குறவஞ்சி என்றதும் குற்றாலமே நினைவில் எழும். திரிகூடராசப்பக் கவிராயரின் குறத்தி தான் நடந்து பழகிய மலையைப் பாடுகிறாள். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி மராத்தியில் இயற்றிய 'தேவேந்திரக் குறவஞ்சி'யோ உலகப் பூகோளத்தையே பாட்டாக்குகிறது.

இந்நூலை அவருடைய வாழ்வோடு சேர்த்தே படித்தல் வேண்டும். லுத்தரன் குருவான சுவார்ட்ஸ் ஐயரின் பாதுகாப்பில் வளர்ந்து, 1798-இல் அவர் அரியணை ஏறினார். மறு ஆண்டே உடன்படிக்கையின் வழியாக நாட்டின் ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியிடம் சென்றது. 1832-இல் இறக்கும்வரை முடி அவரிடம் இருந்தது. ஆணை பிறரிடம் இருந்தது.

கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகரின் 'சரபேந்திர பூபாலக் குறவஞ்சி' அவரை வேந்தராகவே போற்றுகிறது. அது புலவர் மரபு. ஆனால் உண்மை நிலை அதில் மறைந்துபோகிறது. மன்னரின் சொந்த நூல் அத்தகைய புகழ்மொழியை நாடவில்லை. பூகோளப் பாடத்தைச் சுமக்கும் பாட்டில் குற்றால அருவியின் ஈரத்தை எதிர்பார்க்க இயலாது. கவிதையாக அது பின்தங்குவதே. எனினும், ஆள நிலமற்ற ஒருவர், தாம் அறிந்த உலகைப் பிறரும் அறியட்டும் என்று பாடியிருக்கிறார். அந்த ஈகைக்காகவே, குறைகளோடும் இந்நூலை நாம் மதிக்கலாம்.