கோல்கொண்டாவைத் தோணிரேவிலிருந்து பார்ப்பது

கோல்கொண்டாவுக்குப் போகிற எல்லாரும் கைதட்டிவிட்டு வருகிறார்கள். கீழே நுழைவாயில் குவிமாடத்துக்கு அடியில் நின்று வழிகாட்டி ஒரு தட்டு தட்டுவார். மலை உச்சியில் பாலா ஹிசார் மண்டபத்தில் நிற்பவருக்கு அது கேட்கும். கேட்கத்தான் செய்கிறது, அருமையான ஏற்பாடு. ஆனால் மென்பொருள் வேலையில் இருக்கிறவர்களுக்கு இது பழகிய தந்திரம்: எப்போதும் சொதப்பாத ஒரே அம்சத்தை மட்டும் டெமோவில் காட்டுவது. மிச்சத்தைக் கோஹினூரும் மாலை நேர ஒலி-ஒளிக் காட்சியும் நிரப்பிவிடும். முகம்மது குலி குதுப் ஷா, பாக்மதி, காதல். பாக்மதி என்று ஒருத்தி இருந்தாளா என்றே ஷெர்வானி போன்ற வரலாற்றாசிரியர்கள் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். காதல் கதைக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது.

என் குறை வேறு. அந்த அரண்மனையில் நாம் பார்ப்பது அரண்மனையே இல்லை, அதன் எலும்பு. ராணி மஹால் முற்றத்தில் கருங்கல், சுண்ணாம்பு, கூர்வளைவுகள், மாடக்குழிகள், அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கும் சுதை வேலைப்பாடு. ‘என்ன கம்பீரம்!’ என்கிறோம். இந்த மொட்டைத்தனத்தையே அழகு என்று ரசிக்கப் பழகிவிட்டோம். 1687இல் எட்டு மாத முற்றுகைக்குப் பிறகு ஔரங்கசீப்பின் படை உள்ளே நுழைந்தது. குதுப் ஷாஹிகளின் அரசவை அதோடு முடிந்தது.

கிரானடாவின் அல்ஹம்ப்ராவோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். அங்கே சுவரே துணி மாதிரி இருக்கும்: ஓடுகளிலும் சுதையிலும் நெசவு போன்ற கோலங்கள், நடுவே செதுக்கிய கவிதை வரிகள். சுவர் மிஞ்சியதால் அலங்காரமும் மிஞ்சியது. தக்காணத்து அரண்மனையில் அந்த வேலையைப் பெருமளவு செய்தது நிஜத் துணி. கம்பளம், திரைச்சீலை, விதானம். வளைவுகளுக்கு நடுவே அவை தொங்கியபோதுதான் அறை அறையானது. எது அந்தப்புரம், எது சபை என்று பிரித்துக் காட்டியதும் துணிதான். 1640-50 காலத்துக் கோல்கொண்டா கலம்காரி விரிப்பு ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அரண்மனை ஐதராபாத்தில், அதன் உடுப்பு அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம்!

இந்தத் துணியின் நூலைப் பிடித்துக்கொண்டு கடற்கரைக்கு வந்தால் பழவேற்காடு. அந்த ஏரிக்கரை மீனவ ஊர்களில் ஒன்று தோணிரேவு. பெயரிலேயே இரண்டு மொழி ஒட்டிக் கிடக்கிறது: ‘தோணி’ நமக்குத் தெரியும், ‘ரேவு’ என்றால் தெலுங்கில் துறை. டச்சுக்காரர்கள் 1613இல் பழவேற்காட்டில் கெல்த்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அதுதான் அவர்களுக்குத் தலைமையிடம். 1640களில் மீர் ஜும்லாவின் படையெடுப்போடு இந்தப் பக்கம் கோல்கொண்டாவின் கைக்குப் போனது.

அரண்மனைக் கலம்காரிக்குப் பேர்போனது மசூலிப்பட்டினம் வட்டாரம். பழவேற்காட்டுத் துணி அதிகமும் கடல் தாண்டிப் போனது. மொலுக்கஸ் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க வெள்ளிக்காசைவிட நம் கரைத் துணிக்கு மவுசு அதிகம். எனவே டச்சுக்காரர் இங்கே பொன்னும் வெள்ளியும் இறக்கினார்கள், துணி ஏற்றினார்கள், அங்கே மசாலா வாங்கினார்கள். இப்படிப்பட்ட துறைமுகங்களின் வருவாயும் சேர்ந்ததுதான் சுல்தானின் செல்வம். வைரத்தைப் பற்றி வாய் ஓயாமல் பேசும் வழிகாட்டிகள் தறியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. மலாய்க்காரர்கள் இன்றும் கட்டங்கட்டமான கைலியை ‘காயின் பெலிக்காட்’ என்கிறார்கள். பெலிக்காட் வேறெதுவும் இல்லை, பழவேற்காடுதான். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு அதைக் கட்டிக்கொண்டு போகிற கோலாலம்பூர்க்காரர் இடுப்பில் நம் ஏரிக்கரையின் பெயர் இருக்கிறது. கோல்கொண்டாவின் எந்தத் தூணைவிடவும் எனக்கு இது பெரிய நினைவுச்சின்னமாகப் படுகிறது.

பழவேற்காட்டிலும் கல்தான் ஜெயிக்கிறது என்பது தனிக்கதை. வருகிறவர்கள் டச்சுக் கல்லறைக்குப் போய், வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகளோடு படம் எடுத்துக்கொண்டு, இறால் சாப்பிட்டுத் திரும்புகிறார்கள். வணிகர்களுக்குக் கல்லறை இருக்கிறது. நெய்தவர்களுக்கு இல்லை. பஞ்ச காலத்தில் இதே துறையிலிருந்து அடிமைகளாக வாங்கி பத்தாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டவர்களுக்கும் இல்லை.

‘இடிந்த அரண்மனையில் துணிக்கு எங்கே போக?’ என்று கேட்கலாம். பெரிய செலவு ஒன்றும் வேண்டாம். அருங்காட்சியகத் துணிகளில் ஒன்றைப் பார்த்து இன்றைய கலம்காரிக்காரர்களிடம் ஒரு திரை வரையச் சொல்லி, ராணி மஹாலின் ஒரே ஒரு வளைவில் தொங்கவிடலாம். பக்கத்துப் பலகையில் வம்சாவளிக்குப் பதிலாக நூல் நூற்றவர், நெய்தவர், சாயம் தோய்த்தவர், தோணியில் ஏற்றியவர் என்று அந்தத் துணி கடந்து வந்த கைகளை எழுதலாம். கடைசி வரியில் ஏதாவது ஒரு ரேவின் பெயர் வந்தால் போதும்.