சாரதாவுக்குக் கடையில் என்ன வேலை?

‘சிகப்பு ரோஜாக்கள்’ பற்றிப் பேச்சு எழுந்தால் காஞ்சிபுரத்துச் சினிமாப் பிரியர்கள் இரண்டு கட்சியாகிவிடுகிறார்கள். ஒரு கட்சிக்கு, கொலைகாரன் வீட்டிலிருந்து உயிரோடு தப்பிய சாரதாதான் தமிழின் முதல் ‘ஃபைனல் கேர்ள்’. இன்னொரு கட்சிக்கு ஸ்ரீதேவி அந்த வேடத்துக்கு மென்மை. ஸ்ரீப்ரியாவைப் போட்டிருந்தால் படம் வேறு மாதிரி நின்றிருக்கும். முதல் கட்சி சொல்வதை ஏற்க வழியே இல்லை. இரண்டாவது கட்சி குறையைக் கண்டுபிடித்துவிட்டது, பழியைத்தான் ஆள் மாற்றிப் போடுகிறது.

படத்தின் பெருமைகளை யாரும் மறுக்கவில்லை. வயல்வெளியை விட்டு நகரத்துப் பங்களாவுக்குள் நுழையப் பாரதிராஜாவுக்கு இருந்த துணிச்சல், நிவாஸின் ஒளிப்பதிவு, இளையராஜாவின் பின்னணி இசை, சிரித்துக்கொண்டே பயமுறுத்தும் கமல். எல்லாம் சரி. படம் வந்தபோது ஸ்ரீதேவிக்கு 15 வயது. அந்த வயதில் அவர் செய்ததைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

என் வழக்கு எழுத்தோடுதான். சாரதா துணிக்கடையில் வேலை பார்ப்பவள். கமல் நடித்த கொலைகாரன் திலீப் அவளைப் பார்ப்பதே அங்கேதான். அதன்பின் அந்த வேலை அவளுக்கு எதற்காவது பயன்படுகிறதா? எங்கள் ஊர் காந்தி ரோட்டுப் பட்டுக்கடைகளில் ஒரு நாள் நின்று பாருங்கள். எந்தக் கை வாங்க வந்த கை, எது சும்மா தடவிப் பார்க்க வந்த கை, யார் சேலையைப் பார்க்கிறான், யார் சேலையை விரித்துக் காட்டுகிறவளைப் பார்க்கிறான் என்பதெல்லாம் ஜமுக்காளத்தில் உட்கார்ந்த அரை நிமிஷத்தில் அந்தப் பெண்களுக்குத் தெரிந்துவிடும். ஆள் பார்த்து எடைபோடுவதுதான் அவர்கள் பிழைப்பு. அந்தப் பிழைப்பைக் கொண்ட ஒருத்தி, பெண்களை வெறுத்துக் கொல்லும் ஒருவனை எதிரே வைத்துக்கொண்டு எதையும் கவனிக்காமல் கழுத்தை நீட்டுகிறாள். துணிக்கடைப் பெண்ணுக்குக் கண்ணும் வாயும் உண்டு என்று காட்ட 2010இல் ‘அங்காடித் தெரு’ கனி வரவேண்டியிருந்தது.

‘ஹாலோவீன்’ அமெரிக்காவில் வெளியானதும் இந்தப் படம் வந்த அதே 1978 அக்டோபரில்தான். அதில் நாயகி லாரி கடைசியில் டாக்டரின் துப்பாக்கியால்தான் காப்பாற்றப்படுகிறாள், உண்மை. ஆனால் அதற்கு முன் பின்னல் ஊசியையும் துணி மாட்டும் ஹேங்கரையும் ஆயுதமாக்கிக்கொள்கிறாள். துணிக்கடையிலிருந்து வந்த நம் சாரதாவுக்குக் கல்லறைத் தோட்டம் வரைக்குமான ஓட்டம்தான் மிச்சம்.

அவளைக் காப்பது அவள் புத்தி அல்ல, ஒழுக்கம். கூப்பிட்டதும் போன பெண்கள் ரோஜாச் செடிக்கு அடியில் கிடக்கிறார்கள்; கல்யாணம் என்று நின்றவள் பிழைக்கிறாள். இதை ஸ்லாஷர் வகையின் பொது நோய் என்று தள்ளிவிடலாம். தள்ள முடியாதது அந்தக் கடைசிப் பகுதி. நினைவு தப்பிய திலீப் சிறையில் அவள் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறான். அவள் மனைவியாகவே வந்து பார்க்கிறாள். அவன் ஏன் இப்படி ஆனான் என்று விளக்க முழு முன்கதை ஒன்று ஏற்கெனவே வந்துவிட்டது. புதைக்கப்பட்டவர்களுக்காக அழ படத்தில் ஆளில்லை. முந்தைய ஆண்டுதான் ‘16 வயதினிலே’ மயில் ரயில் நிலையத்தில் சப்பாணிக்காகக் காத்திருந்தாள். சப்பாணி அவளுக்காகக் கொலை செய்தவன், அந்தக் காத்திருப்பில் நியாயம் உண்டு. திலீப் சாரதாவையே கொல்லத் துரத்தியவன். அவனுக்கும் அதே காத்திருப்பா?

நடிகையை மாற்றினால் போதும் என்பவர்களுக்குப் பாரதிராஜாவே 1980இல் பதில் சொல்லிவிட்டார். இந்தியில் ‘ரெட் ரோஸ்’ எடுத்தபோது ராஜேஷ் கன்னா வந்தார், பூனம் தில்லான் வந்தார்; சாரதா சாரதாவாகவே இருந்தாள். ஸ்ரீப்ரியா கட்சி உண்மையில் கேட்பது ஸ்ரீப்ரியாவை அல்ல, ‘அவள் அப்படித்தான்’ படத்தில் அவர் நடித்த மஞ்சுவை. ‘சிகப்பு ரோஜாக்கள்’ வந்த அதே தீபாவளியை ஒட்டி, அதே கமலுக்கு எதிரே, இயக்குநர் ருத்ரய்யா எழுப்பிய பெண் அவள். மஞ்சு அந்தப் பங்களாவுக்குப் போயிருந்தால் முதல் நாளே பூட்டிய அறை எதற்கு என்று கேட்டிருப்பாள். பதில் பிடிக்காவிட்டால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பாள். படம் முக்கால் மணி நேரத்தில் முடிந்திருக்கும் என்று நண்பர் ஒருவர் கிண்டல் செய்தார். முடியட்டுமே! நாயகி அசடாக இருந்தால்தான் ஓடும் கதை என்றால் அந்தத் திரைக்கதைக்கு என்ன பெருமை?

பழைய படத்தை இப்போது ஏன் நோண்ட வேண்டும் என்று கேட்பவர்கள் மிஷ்கினின் ‘சைக்கோ’வைப் பார்க்கட்டும். 2020இல் வந்த படம். தலைகளை வெட்டிக் குவித்தவன்மீது அவனிடம் சிறைப்பட்ட தாகினிக்கே இரக்கம் சுரக்கிறது. அதைக் கருணை என்று கொண்டாடினார்கள். ‘சிகப்பு ரோஜாக்க’ளை யாராவது மறுபடி எடுப்பதானால் நடிகை தேர்வைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். முதலில் அந்தச் சிறைக் காட்சியை வெட்டி எறிந்துவிட்டு, சாரதாவைக் காவல் நிலையத்துக்குச் சாட்சி சொல்ல அனுப்பட்டும்.