தக்கை அசையும் வரை

ஜவ்வாது மலை ஓடைகளுக்குத் தூண்டிலோடு போகிறவர்கள், உள்ளூர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போக வேண்டும். அவருடைய திறமை தூண்டிலைத் தொடுவதற்கு முன்பே தெரிந்துவிடும். தண்ணீரைக் கண்டதும் நமக்குக் கை பரபரக்கும். அவரோ கரையில் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். நுரை எங்கே சுழன்று நிற்கிறது, எந்தப் பாறைக்கு அடியில் நிழல் கனத்திருக்கிறது என்று கண்ணாலேயே துழாவுவார். செய்யாறு பிறக்கும் மலை இது. ஆனாலும் கோடையில் ஓடை இளைத்து மடுக்கள் மட்டுமே மிஞ்சும். மழைக்குப் பிறகோ கலங்கல் தெளியக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு அவருக்கு ஒரு பாரமே இல்லை.

ஈரமண்ணைக் கிளறி மண்புழு எடுப்பதும், முள் வெளியே தெரியாமல் அதைக் கோர்ப்பதும் பார்க்கப் பார்க்க அலுக்காத கைவேலை. மயிலிறகுக் காம்பில் செய்த தக்கை, நீர்மேல் நிமிர்ந்து நிற்கும். அது லேசாகத் துடித்தால் கெண்டைக்குஞ்சு கொறிக்கிறது. ஒரே இழுப்பாக அமுங்கினால் கெளுத்தியாக இருக்கலாம். “இருங்கண்ணே, இன்னும் முழுங்கல” என்று அவர் கிசுகிசுப்பது நம் அவசரத்தை அடக்கும். பிறகு மணிக்கட்டில் ஒரு சிறு சுண்டல். மூங்கில் வளைந்து முனகும். கெளுத்தியின் முள் குத்தாமல், மீன் நோகாமல் கழற்றும் விரல்களைக் கவனியுங்கள். சின்ன மீனை அவர் திரும்ப விட்டால் முகம் சுளிக்காதீர்கள். கூலியில் பேரமும் வேண்டாம்.