‘மல்லிகை’க்கு எத்தனை எழுத்து? – ஜாவாஸ்கிரிப்டின் புதிய வசதி ஒரு பார்வை



‘மல்லிகை’யில் எத்தனை எழுத்து? ம, ல், லி, கை, நான்கு. இதற்குப் படிவம் ஒன்று மாணவர்கூட யோசிக்க மாட்டார். ஆனால், ஜாவாஸ்கிரிப்டில் ‘லெங்த்’ என்று கேட்டுப் பாருங்கள், ஏழு என்று வரும். பைத்தானின் ‘லென்’னும் அதே ஏழைத்தான் சொல்லும். புள்ளி, இகரக் குறி, ஐகாரக் குறி ஆகிய மூன்றுக்கும் யூனிகோடில் தனித்தனி இடம் உண்டு. கணினி அந்த இடங்களை எண்ணுகிறதே தவிர, எழுத்தை எண்ணுவதில்லை.

சின்ன விஷயம்தானே என்று விட்டுவிட முடியாது. நம்மில் பலர் இணையப் புதிர்களைச் சொந்தமாகவே செய்கிறோம். ‘நான்கெழுத்துப் பூ எது?’ என்ற கேள்விக்கு மாணவர் ‘மல்லிகை’ என்று தட்டுகிறார். திரையில் ‘தவறு’ என்று வருகிறது. அவர் தன் இலக்கண அறிவைத்தான் சந்தேகப்படுவார், நிரலை அல்ல.

இந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் ‘இன்டல் செக்மென்டர்’ என்ற உள்ளமைந்த வசதி. குரோம், எட்ஜ், சஃபாரி உலாவிகளில் முன்பே இருந்தது. 2024 ஏப்ரலில் ஃபயர்பாக்ஸ் 125 பதிப்பிலும் சேர்ந்த பிறகு, முக்கிய உலாவிகள் எல்லாவற்றிலும் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். உரையை எழுத்தாக, சொல்லாக, வாக்கியமாக என மூன்று நிலைகளில் பிரித்துத் தரும். எழுத்து நிலையில் ‘மல்லிகை’ சரியாக நான்காகப் பிரிகிறது. உயிர்மெய்யை ஓர் எழுத்தாகவே கொள்ளும் நம் இலக்கணக் கணக்கோடு இது பெரும்பாலும் ஒத்துப்போகிறது. இதற்காக மனதாரப் பாராட்டலாம்.

ஆனாலும், மூன்று இடங்களில் கவனம் தேவை.

முதலாவது, கிரந்த எழுத்து. ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ இரண்டையும் ஒவ்வோர் எழுத்தாகவே எழுதக் கற்றுத் தருகிறோம். இந்த வசதியோ ஒவ்வொன்றையும் இரண்டாக உடைக்கிறது. மொழி தமிழ் என்று குறிப்பிட்டுக் கொடுத்தாலும் இதே நிலைதான். காரணம், உள்ளே ஓடுவது யூனிகோடின் பொது விதி, தமிழுக்கான தனி விதி அல்ல. மொழியைக் கேட்டு வாங்கிக்கொண்டு அந்த மொழிப்படி நடக்காதது குறைதான்.

இரண்டாவது, ஒப்பிடுதல். ‘கொடி’யில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் பதிக்கலாம், எகரக் குறி, கால் என இரண்டாகவும் பதிக்கலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. செக்மென்டர் இரண்டையும் இரண்டெழுத்து என்றே சரியாக எண்ணும். ஆனால், விடை ஒன்றுதானா என்று நேரடியாக ஒப்பிட்டால் ‘இல்லை’ என்று வரும். அதற்கு 2015 பதிப்பிலேயே வந்த ‘நார்மலைஸ்’ வசதியை முதலில் பயன்படுத்த வேண்டும். புதியது வந்துவிட்டது என்று பழையதை மறந்துவிடாதீர்கள்.

மூன்றாவது, சொல் நிலை. இடைவெளியையும் நிறுத்தற்குறியையும் வைத்துத்தான் தமிழ்ச் சொற்களைப் பிரிக்கிறது. ‘வாழைப்பழம்’ அதற்கு ஒரே சொல். ‘பொற்குடம்’ என்பதைப் ‘பொன் + குடம்’ என்று அது பிரித்துத் தராது. தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களே, சேர்த்தெழுதுக, பிரித்தெழுதுக பயிற்சிக்கு இதை நம்ப வேண்டாம். புணர்ச்சி விதியை நீங்கள்தான் படித்தாக வேண்டும்!

மொத்தத்தில், எழுத்தை எண்ண நல்ல கருவி. இலக்கணம் தெரிந்த கருவி அல்ல. புதிர் செய்யும் ஆசிரியர்கள் இனி ‘லெங்த்’தை விட்டுவிட்டு இதற்கு மாறலாம். மாறியதும் மல்லிகை, கொடி, பொற்குடம், ஸ்ரீ ஆகிய நான்கு சொற்களையும் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள். அதன் பிறகு மாணவர் கையில் கொடுங்கள். ‘தவறு’ என்று திரை சொன்னால், அது உண்மையிலேயே தவறாக இருக்க வேண்டும் அல்லவா?