நாடகங்களில் காணாத தேவசகாயம்

களியக்காவிளை வட்டாரப் பங்குத் திருவிழாக்களில் நாம் காணும் தேவசகாயம் நாடகங்கள் எருமை ஊர்வலத்திலும் காற்றாடிமலைத் துப்பாக்கிச் சூட்டிலுமே தோய்ந்து நிற்கின்றன. கூட்டமும் அங்கேதான் கண்ணீர் வடிக்கிறது. ஆனால், நட்டாலத்து நீலகண்ட பிள்ளை 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றபின் முதலில் வெல்ல வேண்டியிருந்தது அரசனையன்று. பிறப்போடு வந்த உயர்குல மதிப்பை. அரண்மனை அலுவலர் ஒருவர் சாதி பாராது சமத்துவம் போதித்ததும் 1749இல் அவர் சிறைப்பட்டதற்குக் காரணமாயிற்று. இந்த அகப்போராட்டத்திற்கு நம் நாடகாசிரியர்கள் பெரும்பாலும் ஒரு காட்சிகூட ஒதுக்குவதில்லை. டிலனாய் யோபுவின் வரலாற்றைச் சொல்லி முடித்தவுடனே நாயகர் முழுப் புனிதராகிவிடுகிறார். (பின்னணி இசைக்கு மட்டும் குறைவில்லை!) 2022 மே 15 அன்று அவர் புனிதராக அறிவிக்கப்பட்டபோது, 'பிள்ளை' என்னும் சாதிப்பெயரைத் திருச்சபை நீக்கியிருந்தது. நம் மேடை அறிவிப்பாளர் சிலர் அதை இன்னும் விட்டபாடில்லை.